கதவுச் சட்டம் வளைந்து தெரிந்தால் எந்த ஸ்கேன் எடுப்பது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு 71 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரமாக இடது கண்ணில் நடுவே மங்கல், கதவுச் சட்டம் நெளிந்து தெரிகிறது என்கிறார். கண்ணாடிக் கடையில் கண்ணுக்குள் ஒரு படம் எடுத்துவிட்டு, மாக்குலா (விழித்திரையில் நடுப்பார்வைக்கான சின்ன இடம்) சிதைவாக இருக்கலாம் என்றார்கள். ஈப்போவில் ஒரு தனியார் கண் மையம் நான்கு பரிசோதனைகள் சேர்ந்த பேக்கேஜ் சொல்கிறது, அதில் கையில் சாயம் ஏற்றுவதும் அடக்கம். அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் ஓ.சி.டி. (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்) மட்டும் எடுப்போம் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். இதில் எது சரியாகக் கண்டுபிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அரசாங்கத்தில் ஒன்றோடு நிறுத்துகிறார்களே, அம்மாவுக்குக் குறைவாகச் செய்கிறார்களா என்பது ஒன்று. சாயம் ஏற்றினால் சிறுநீரகம் கெட்டுவிடுமா என்பது மற்றொன்று. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் பல வருஷம் இந்தப் படங்களை எடுப்பதுதான் என் வேலை. நோய்க்குப் பெயர் வைப்பதும், ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் கண் மருத்துவர் வேலை. அம்மாவின் படத்தை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இருப்பது இன்னது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை மட்டும் நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

எந்த ஸ்கேன் என்பதற்கு முன்னால் ஒரு விஷயம். நேர்கோடு வளைந்து தெரிவது, அதுவும் சில வாரங்களுக்குள் புதிதாக வந்தது, ஈர வகை மாக்குலா சிதைவின் முக்கியமான அறிகுறி. விழித்திரைக்கு அடியில் தேவையில்லாத ரத்தநாளங்கள் முளைத்து, நீரும் சில சமயம் ரத்தமும் கசிந்து, நடுப்பார்வைக்கான அந்தச் சின்ன இடத்தை மேலே தூக்கிவிடுகின்றன. தளம் மேடுபள்ளமானால் பார்க்கிற கோடும் வளையும். உலர் வகை வருஷக்கணக்கில் மெல்ல நகரும். ஈர வகை வாரக்கணக்கில் கெடுக்கும். கண்ணுக்குள் போடும் ஊசிகளில் ரானிபிஸுமாப் 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த வகை மருந்துகள் வந்த பிறகுதான் ஈர வகையில் பார்வையைத் தக்கவைக்க முடிகிறது. ஆனால் தழும்பாகிப் போன இடத்தை எந்த ஊசியும் மீட்டுத் தராது. ஈர வகை என்று சந்தேகித்து அனுப்பினால், அனுப்பிய 14 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் ஓடிவிட்டது. பேக்கேஜ்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் இன்னொரு மாதம் போய்விடக் கூடாது. இந்த வாரம் கிடைக்கிற ஒரே ஒரு ஓ.சி.டி., அடுத்த மாதம் கிடைக்கப்போகிற நான்கு பரிசோதனைகளை விட அம்மாவுக்கு நல்லது. இந்தப் பதிலில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

எம்.ஆர்.ஐ. பற்றிச் சீக்கிரம் முடித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதற்கு அது உதவாது. மாக்குலாவின் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். எம்.ஆர்.ஐ. மூளையையும் பார்வை நரம்பையும் பார்க்க நல்ல கருவி. இவ்வளவு மெல்லிய திசுவுக்குள் இருக்கும் அடுக்குகளைப் பிரித்துக் காட்ட அதனால் முடியாது. சி.டி. ஸ்கேனும் அப்படியே. கண்ணுக்குச் செய்யும் அல்ட்ராசவுண்ட் ஒரு சூழ்நிலையில் தேவைப்படும்: உள்ளே ரத்தம் நிறைந்தோ கண்புரை முற்றியோ ஒளி உள்ளே போகவே வழியில்லாதபோது. அம்மாவுக்கு கடையிலேயே படம் எடுக்க முடிந்திருக்கிறது என்றால், அந்த நிலை இல்லை.

கடையில் எடுத்த படம் பெரும்பாலும் விழித்திரையின் வண்ணப் புகைப்படமாக இருக்கும். நம் அரசாங்கக் கிளினிக்குகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு எடுப்பதும் இதே வகைதான். அதில் டுரூசன் என்ற மஞ்சள் படிவுகள், ரத்தக் கசிவு, தழும்பு இவை தெரியும். டுரூசன் 125 மைக்ரானுக்கு மேல் இருந்தால் பெரியது என்று கணக்கு. மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய டுரூசன் இருப்பவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகம், அதனால் அந்தப் படம் பயனில்லாதது இல்லை. ஆனால் அது மேலிருந்து பார்க்கிற தட்டையான படம். அடியில் கொஞ்சம் நீர் தேங்கியிருந்தால் அதில் தெரியாமலே போகலாம். 'படத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை' என்று யாராவது சொன்னாலும், கோடு வளைவது நிஜம் என்றால் அதோடு நின்றுவிடாதீர்கள். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அந்தக் கடையில் அம்மாவைப் பார்த்தவர் ஆப்டோமெட்ரிஸ்ட்டா, ஆப்டிஷியனா? மலேசியாவில் 1991-ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி இருவரும் வேறு வேறு. ஆப்டிஷியன் பவர் பார்த்துக் கண்ணாடி செய்து தருபவர். கண்ணில் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்கும் பயிற்சி ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்குத்தான் உண்டு. பார்த்தவர் ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால், சந்தேகத்தை எழுதி ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

சரி, ஓ.சி.டி.க்கு வருவோம். இந்த முறையை 1991-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த குழு உலகுக்கு அறிவித்தது. ஊசி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. தாடையை ஒரு தாங்கியில் வைத்து உள்ளே தெரியும் குறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அது எப்படித் திரும்புகிறது என்று அளந்து குறுக்குவெட்டுப் படம் வரைகிறது. குவே லாப்பிஸ் பலகாரத்தைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியுமே, அந்த மாதிரி. இப்போதுள்ள இயந்திரங்கள் ஆழத்தில் 5 முதல் 7 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். அடுக்குகளுக்கு நடுவில் நீர் இருந்தால் கறுப்பாக, குழிகுழியாகத் தெரியும். விழித்திரைக்கு அடியில் நீர் இருந்தால் அது வேறு இடத்தில், வேறு வடிவில் தெரியும். ஊசி தேவையா என்ற கேள்விக்கு மருத்துவர் முதலில் தேடுவது இந்த நீரைத்தான். ஊசி போட்ட பிறகு அடுத்த ஊசி எப்போது என்று தீர்மானிப்பதும் இதை வைத்துத்தான். ஆகவே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓ.சி.டி.யில் தொடங்குவது குறைவான வைத்தியம் இல்லை. அதுதான் முறை. நான் சொன்ன நைஸ் வழிகாட்டியும் ஓ.சி.டி.யில் தொடங்கவும், புதிய நாளம் இல்லை என்று அதில் விலக்க முடியாவிட்டால் சாயப் பரிசோதனைக்குப் போகவும் சொல்கிறது.

ஆனால் ஓ.சி.டி. எடுத்தாயிற்று என்பதும், அதை ஒழுங்காக எடுத்துப் பார்த்தாயிற்று என்பதும் வேறு. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பத்தினர் கேட்டால் மாற்றம் வரக்கூடிய இடம் இது. இயந்திரம் அச்சடித்துக் கொடுக்கும் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டம் இருக்கும். அந்த நிறங்கள் தடிமனைச் சராசரி மனிதர்களோடு ஒப்பிட்டுப் போட்டவை. நோய் இருக்கிறது, இல்லை என்ற தீர்ப்பு அதில் கிடையாது. தேய்ந்து மெலிந்த மாக்குலாவில் புதிதாகக் கொஞ்சம் நீர் சேர்ந்தால், இரண்டும் ஈடுகட்டி வட்டம் பச்சையாகவே இருக்கும். கண் இமைத்ததால் இயந்திரம் அடுக்கின் எல்லையைத் தப்பாக வரைந்திருந்தால், ஒன்றும் இல்லாத இடமும் சிவக்கும். ஓ.சி.டி. மாக்குலாவின் மேல் சுமார் 6 மில்லிமீட்டர் சதுரத்தை வரிவரியாக ஸ்கேன் செய்கிறது. அச்சுத் தாளில் வருவது அதில் நடு வரி ஒன்றோ இரண்டோதான். நீர் ஓரத்து வரியில் இருந்தால் தாளில் காணாது. மருத்துவர் திரையில் எல்லா வரிகளையும் ஓட்டிப் பார்த்தாரா என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பே இல்லை. வயதானவர்களுக்குக் கண் வறண்டிருந்தால் படம் மங்கலாக விழும். ஸ்கேனுக்கு முன் கண்ணீர்ச் சொட்டு ஒன்று விட்டுக்கொண்டால் நிறைய வித்தியாசம் தெரியும். அம்மாவுக்கு நடுப்பார்வை மங்கி, குறியைப் பார்க்க முடியவில்லை என்றால் அதையும் எடுப்பவரிடம் சொல்லுங்கள். மற்றக் கண்ணுக்குக் குறியைக் காட்டி நிலைநிறுத்த வழி உண்டு. இன்னொரு முக்கியமான விஷயம், வேறு வேறு நிறுவன இயந்திரங்கள் தடிமனை அளக்கும் எல்லைக்கோடு ஒன்றல்ல. ஒரே கண்ணை இரண்டில் அளந்தால் பத்து மைக்ரான் கணக்கில் வித்தியாசம் வரும். இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை எடுத்து, எண் கூடியிருக்கிறது என்று பயப்படுவதில் அர்த்தம் இல்லை. தொடர்ந்து பார்ப்பது ஒரே இயந்திரத்தில் இருக்கட்டும்.

ஓ.சி.டி.யால் முடியாததையும் சொல்ல வேண்டும். நீர் இருக்கிறது என்று சொல்லும். அந்த நீர் ஏன் வந்தது என்பதை எப்போதும் சொல்லாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரையாலும் மாக்குலா வீங்கும், அப்போதும் படத்தில் குழிகுழியாகத் தெரியும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கும் வேறொரு நோய் வரலாம். மூட்டுவலிக்கு என்று சந்தையில் விற்கிற சில பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. மரம் வெட்டிய முழங்காலோடு இருக்கும் அம்மாமார்கள் அந்த மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடுவது எனக்கு நன்றாகவே தெரியும். அம்மா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா என்று வீட்டில் விசாரித்து, இருந்தால் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த ஸ்கேனும் சொல்லாத தகவல் அது. கண்புரை இருந்தாலும் ஓ.சி.டி. படத்தின் தரம் குறையும். புரையை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அறுவைக்கு முன் மாக்குலாவையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். புரை மங்கலாக்கும், கோட்டை வளைக்காது.

இனி சாயம். இரண்டு சாயங்கள் உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம். முதலாவது ஃப்ளோரசீன். 1961 முதல் கண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். கை நரம்பில் ஏற்றினால் 10, 15 வினாடிக்குள் கண்ணுக்கு வந்துவிடும். நீல ஒளி பட்டால் பச்சை மஞ்சளாக ஒளிரும். பத்து நிமிஷம் போலத் தொடர்ந்து படம் எடுப்பார்கள். ரத்தநாளம் எங்கே முளைத்திருக்கிறது, கசிகிறதா, சர்க்கரையால் அடைபட்ட நாளங்கள் உண்டா என்பதெல்லாம் தெரியும். அம்மாவின் கண்ணில் சர்க்கரையா, வயதா என்ற கேள்வி எழுந்தால் இந்தப் பரிசோதனை உதவும். சாயம் ஏறியதும் சிலருக்குக் குமட்டும், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் ஒரு நாள் போல ஆரஞ்சு நிறத்தில் போகும். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து பயந்துபோவார். கடுமையான ஒவ்வாமை அபூர்வம். உயிராபத்து அதைவிட அபூர்வம், லட்சங்களில் ஒன்று என்ற கணக்கில். ஆனாலும் அது நடக்கக்கூடியது என்பதால்தான் அவசர மருந்துகள் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

சிறுநீரகம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அது வேறொரு சாயத்தின் பேரில் வந்த பயம். சி.டி. ஸ்கேனுக்கும் இருதய ஆஞ்சியோகிராமுக்கும் போடுவது அயோடின் சேர்ந்த சாயம், அதுவும் பெரிய அளவில். பலவீனமான சிறுநீரகத்தோடு அந்தச் சாயத்துக்குக் கவனம் தேவை. ஃப்ளோரசீனில் அயோடின் கிடையாது, வழக்கமாக ஏற்றுவது 5 மில்லிலிட்டர். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்பது உண்மை. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பதாகக் கருதப்படுவதில்லை. பலவீனமானவர்களுக்குச் சில இடங்களில் அளவைக் குறைத்துப் போடுவார்கள். இரண்டாவது சாயம் ஐ.சி.ஜி. அது கல்லீரல் வழியாகப் போகிறது, சிறுநீரகத்துக்குச் சம்பந்தமில்லை. ஆனால் அதில் கொஞ்சம் அயோடின் உண்டு, அதனால் அயோடின் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். எந்தச் சாயமானாலும் கடைசியாக எடுத்த சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவையும் மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள். முடிவு மருத்துவருடையது.

இதுவரை சொன்னதில் பெரிய சர்ச்சை இல்லை. இனிச் சொல்வதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஈர வகை என்று நாம் சொல்வதற்குள் பி.சி.வி. என்ற ஒரு துணைவகை இருக்கிறது. விழித்திரைக்கு அடியில் இருக்கும் ரத்தநாளப் படலத்தில் நாளங்களின் நுனி குமிழ் குமிழாகப் புடைத்துக்கொள்ளும். சில சமயம் அது வெடித்து நிறைய ரத்தம் கசியும். வெள்ளைக்காரர்களை விட ஆசியர்களுக்கு இது அதிகம் என்பது உறுதி. மேல்நாட்டு வழிகாட்டிகளை அப்படியே இங்கே பொருத்தும்போது நான் தயங்குவது இந்த இடத்தில்தான். அவை பி.சி.வி. குறைவாக உள்ள மக்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இந்தக் குமிழ்களைக் காட்டுவதில் ஐ.சி.ஜி. சாயப் படம்தான் இன்றும் அளவுகோல். அது அகச்சிவப்பில் ஒளிர்வதால் மெல்லிய ரத்தத் திரையையும் விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிப் படலத்தையும் தாண்டி அடியில் உள்ளதைக் காட்டும். ஃப்ளோரசீனால் அவ்வளவு முடியாது.

சரி, குமிழ் இருப்பது தெரிந்தால் சிகிச்சை மாறுமா? மாறலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. எவரெஸ்ட் 2 என்ற ஆய்வு 2017-இல் வெளியானது, பங்கேற்றவர்கள் ஆசிய நோயாளிகள். ரானிபிஸுமாப் ஊசியோடு ஒளிச் சிகிச்சையையும் (மருந்தை ஏற்றி, கண்ணில் லேசர் ஒளி பாய்ச்சி அந்த நாளங்களை அடைப்பது) சேர்த்தவர்களில் சுமார் 69 சதவீதத்தினருக்கு ஒரு வருஷத்தில் குமிழ்கள் முழுவதுமாக மறைந்தன. ஊசி மட்டும் போட்டவர்களில் சுமார் 35 சதவீதம். பார்வையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதலாகத் தேறியது. ஆனால் பிளானட் என்ற மற்றோர் ஆய்வில் அஃப்ளிபெர்செப்ட் ஊசி மட்டும் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒளிச் சிகிச்சை தேவைப்படவே இல்லை. ஆகவே இன்று பல மருத்துவர்கள் ஓ.சி.டி.யில் நீரைப் பார்த்ததும் ஊசியைத் தொடங்கிவிட்டு, சில ஊசிக்குப் பிறகும் நீர் வற்றாவிட்டால் ஐ.சி.ஜி.க்கு அனுப்புகிறார்கள். தொடக்கத்திலேயே ஐ.சி.ஜி. எடுத்துவிடுவது நல்லது என்பவர்களும் உண்டு. இரண்டு வழியும் தப்பில்லை. ஓ.சி.டி.யிலேயே பி.சி.வி.க்கான சில தடயங்கள் தெரியும்: நிறமிப் படலம் செங்குத்தாகக் கூர்மையாக உயர்ந்திருப்பது, அதற்கு அடியில் வளையம் போல ஒன்று. சாயம் இல்லாமலே இந்தத் தடயங்களை வைத்துப் பி.சி.வி.யைச் சந்தேகிப்பதற்கான அளவுகோல்களை ஆசிய பசிபிக் நிபுணர் குழு ஒன்று 2021-இல் வெளியிட்டிருக்கிறது. என் அபிப்பிராயம் கேட்டால்: நிறைய ரத்தம், ஆரஞ்சு நிற முடிச்சு, அல்லது இந்த மாதிரித் தடயம் இருந்தால் ஐ.சி.ஜி.யை ஆரம்பத்திலேயே கேட்டுப் பெறுவது மேல். இல்லாவிட்டால் ஊசி தொடங்குவதற்கு அது தடையாக இருக்கக் கூடாது. ஐ.சி.ஜி. எடுக்கும் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதில்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜில் இருக்கும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதற்குச் சாயம் வேண்டாம். ஒரே இடத்தைப் பலமுறை ஸ்கேன் செய்து, நகர்கிற ரத்த அணுக்களை வைத்து நாளங்களை வரைகிறது. சிறுநீரகம் பலவீனமான ஒருவருக்கு இது மனதைக் கவர்வது இயல்பு. நல்ல கருவிதான், புதிய நாளத்தை அழகாகக் காட்டும். ஆனால் மூன்று குறைகள். கசிவைக் காட்டாது. அதில் தெரியும் பரப்பு சின்னது. ரத்தம் மெதுவாக ஓடும் இடம் அதற்குத் தெரியாது, பி.சி.வி.யின் குமிழ்கள் தப்பிவிடுவது அதனால்தான். தவிர, பார்வையை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். நடுப்பார்வை போனவர்களுக்கு அது கஷ்டம், படத்தில் கோடுகோடாகப் பொய்த் தடங்கள் விழும். சாயத்துக்கு இது முழுமையான மாற்றா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. துணைக்கு இருந்தால் நல்லது. தனியாக இதை மட்டும் வைத்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடக் கூடாது.

நான்காவதாக இருப்பது ஆட்டோஃப்ளோரசன்ஸ் படம் என்று நினைக்கிறேன். அதுவும் சாயம் இல்லாதது, ஒரு நிமிஷ வேலை. செத்துப்போன நிறமித் திசு கறுப்பாகத் தெரியும். உலர் வகை முற்றித் திட்டுத் திட்டாகத் தேயும் நிலையில் அந்தத் திட்டு வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு பரவுகிறது என்று பார்க்க அது சிறந்தது. கோடு புதிதாக வளைகிற அம்மாவுக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை.

ஆகவே பேக்கேஜைப் பற்றி என் கருத்து இது. நான்கில் எதுவும் ஏமாற்று இல்லை. ஆனால் நான்கையும் முதல் நாளே எடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன்னால் மருத்துவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "டாக்டர், இந்தப் படத்தில் ஒன்று தெரிந்தால் என்ன செய்வீர்கள், தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால் அந்தப் படத்தை ஒத்திவைக்கலாம். அரசாங்கத்தில் தேதி தள்ளிக் கிடைக்கிறது என்றால், தனியாரில் ஓ.சி.டி.யும் மருத்துவர் பரிசோதனையும் மட்டும் இந்த வாரமே செய்துகொண்டு, அந்த முடிவோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் நான் என் வீட்டாருக்குச் சொல்லும் வழி. ஊசி ஒன்றோடு முடிகிற வைத்தியம் இல்லை, ஆரம்பத்தில் மாதாமாதம் போட வேண்டிவரும். பணத்தை ஸ்கேனிலேயே கரைத்துவிட்டால் பிறகு கஷ்டம்.

போகும் வழி: கடையின் கடிதத்தையோ கிளினிக் கடிதத்தையோ எடுத்துக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு நேரே போங்கள். அரசாங்க நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் குறைவுதான். கவுண்டரில் 'கண் மங்கல்' என்று மட்டும் சொன்னால் கண்புரை வரிசையில் போட்டுத் தேதி தள்ளிவிடக்கூடும். "ஒரு கண்ணில் மூன்று வாரமாக நேர்கோடு வளைந்து தெரிகிறது" என்று சொல்லுங்கள். கடிதத்திலும் அந்த வாசகம் இருக்கட்டும். முன்பு கிளினிக்கில் சர்க்கரைக்காக எடுத்த கண் படம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள், பழைய படத்தோடு ஒப்பிட்டால் எது புதிது என்று தெரியும். தனியாரில் எடுத்தால் அச்சுத் தாளோடு நிற்காமல் முழு ஸ்கேனையும் பென்டிரைவில் கேளுங்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு விடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும். அம்மாவை மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போகாமல் காரில் கூட்டிப்போங்கள்.

அம்மா காலமெல்லாம் விடியுமுன் தலைவிளக்கோடு மரம் வெட்டியதால் வந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. வயது, பரம்பரை, புகைபிடித்தல், இவைதான் உறுதியான காரணங்கள். அவர் செய்த வேலையின் மேல் பழி போட வேண்டாம். கண்ணுக்கு என்று வீடு வீடாக விற்கிற லூட்டின் மாத்திரைகளைப் பற்றி: குறிப்பிட்ட அளவில் வைட்டமின்களும் லூட்டினும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு கலவை, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு நோய் முற்றுவதை ஓரளவு குறைக்கும் என்று 2001-லும் 2013-லும் வெளியான அமெரிக்க ஆய்வுகள் காட்டின. கசிவை அது நிறுத்தாது. ஊசிக்குப் பதிலாக அதை வாங்கித் தராதீர்கள்.

கடைசியாக வலது கண். ஒரு கண்ணில் ஈர வகை வந்தவருக்கு மற்றதிலும் வரும் வாய்ப்பு கூடுதல், ஆகவே ஓ.சி.டி. எடுக்கும்போது இரண்டு கண்ணையும் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆம்ஸ்லர் கட்டம் என்ற 10 சென்டிமீட்டர் சதுரக் கட்டத்தாளை, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் இல்லாவிட்டால் தரை ஓட்டின் கோடு போதும். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்டதை மறைத்துவிடும், அதனால் ஒரு கண்ணை மூடுவதுதான் முக்கியம். இந்தச் சோதனை பல சமயம் ஆரம்பக் கசிவைத் தவறவிடும். கோடு நேராகத் தெரிந்தாலும் மருத்துவர் சொன்ன தேதியில் வலது கண்ணுக்கும் ஓ.சி.டி. எடுத்தாக வேண்டும்.